நேதாஜியின் தலைமை: ஒரு திறனாய்வு

சுபாஷ் சந்திர போஸைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராகவே நிற்கின்றனர். ஒரு கட்சியினர் அவரைத் தெய்வமாக்கிவிட்டனர். தெய்வத்தை ஆராய்தல் தகாது என்று ஒதுங்கிக்கொண்டனர். மற்றவர், ஹிட்லரோடு கைகுலுக்கியவர், தோஜோவின் தயவில் அரசு நடத்தியவர் என்னும் இரண்டு தொடர்களால் அவர் கணக்கை முடித்துவிடுகின்றனர். முன்னவர் எழுத்தில் மலர் மிகுதி. பின்னவர் எழுத்தில் விரைவு மிகுதி. ஆராய்ச்சி இரண்டிலும் குறைவு.

ஒரு தலைவனை எடை போடும் முறையைப் பிறரிடம் கடன் வாங்க வேண்டிய நிலை தமிழருக்கு இல்லை. பொருட்பாலில் இறைமாட்சி தொடங்கி அரசியலுக்கென்றே 25 அதிகாரங்களை வள்ளுவர் வகுத்திருக்கிறார். தேர்வுக்கு உரிய பாடமாக மட்டும் அவற்றைக் கொள்ளாமல், நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவரை உரைத்துப் பார்க்கும் கல்லாகவும் கொள்ளலாம். அவ்வாறு உரைக்கும்போது, போஸின் வாழ்வில் பொன்னும் தெரிகிறது, கலப்பும் தெரிகிறது. கலப்பைச் சொன்னால் பொன்னின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

1897ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் கட்டாக் நகரில் பிறந்தவர் போஸ். 1920இல் இலண்டனில் நடந்த ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பெற்றார்; அடுத்த ஆண்டே அதை உதறினார். இந்தத் துறவைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆயினும் அதில் ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. போஸ் வெறுங்கையோடு துறந்தவர் அல்லர்; கைக்கு வந்ததைத் துறந்தவர். திரும்பி வரும் வழியைத் தாமே அடைத்துவிட்டு முன்னே செல்வது அவர் இயல்பு. 1921இல் பதவியைத் துறந்தபோதும், 1939இல் காங்கிரசுத் தலைமையை விட்டபோதும், 1941இல் நாட்டை விட்டு வெளியேறியபோதும் இந்த ஓர் இயல்பே வேலை செய்தது. அவருடைய வலிமைக்கும் அதுவே வேர். வழுவுக்கும் அதுவே வேர்.

அவரை வெறும் முழக்கக்காரர் என்று எண்ணுவோர் 1924ஆம் ஆண்டைப் படிக்க வேண்டும். சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தா மாநகரத் தந்தையாக இருந்தபோது, 27 வயது இளைஞரான போஸ் மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாக அமர்த்தப்பட்டார். சில திங்களுக்குள் அரசாங்கம் அவரைக் கைது செய்து, பின்னர்ப் பர்மாவின் மாந்தலே சிறைக்கு அனுப்பியது. 1938இல் ஹரிபுராவில் காங்கிரசின் தலைவரானபோது, விடுதலைக்குப் பின் நாட்டின் தொழில் வளர்ச்சி எவ்வாறு அமைய வேண்டும் என்று திட்டக் குழு ஒன்றை அமைத்தார். நேருவை அதன் தலைவராக்கினார். அடிமை நாட்டில் இருந்துகொண்டு ஆட்சிக்கு வரைபடம் வரைந்த தலைவர்கள் மிகச் சிலரே.

இனி, 1939க்கு வரலாம். காந்தியடிகளின் விருப்பத்துக்கு மாறாக மறுமுறையும் தலைமைக்குப் போட்டியிட்டுப் பட்டாபி சீதாராமய்யாவை வென்றார் போஸ். வாக்குகள் 1,580, எதிரே 1,377. வெற்றி தெளிவானது. ஆனால் வென்றவர் கையில் கட்சி இல்லை. செயற்குழுவினருள் பெரும்பாலோர் விலகினர். திரிபுரி மாநாட்டுக்குக் காய்ச்சலோடு படுக்கையிலேயே தூக்கி வரப்பட்டார். காந்தியடிகளின் விருப்பப்படியே செயற்குழு அமைய வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறிற்று. ஏப்பிரல் இறுதியில் அவர் பதவி விலகினார்.

இதைக் காந்தியடிகள் செய்த கொடுமை என்று ஒரு சாரார் எழுதுவர். அப்படியும் ஒரு பக்கம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் தலைமைப் பண்பை ஆராய்பவர் வேறொன்றையும் கேட்க வேண்டும். வாக்குப் பெட்டியில் வென்றவரால் உடன் இருந்தவர்களை ஏன் வெல்ல முடியவில்லை? துணைவலி என்பது எண்ணிக்கை அன்று. மாறுபட்டவனையும் தன்னோடு ஒரே பாயில் அமர வைக்கும் பொறுமை அது. காந்தியடிகளுக்கு அது இருந்தது. போஸுக்கு அன்று இல்லை. விந்தை என்னவெனில், நான்கு ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரில், சீக்கியர், முஸ்லிம்கள், தமிழர், மலையாளிகள், படை அதிகாரிகள், தோட்டத் தொழிலாளர் ஆகிய இத்தனை பேரை ஒரே பாயில் அமர வைத்தவரும் இவரே.

1941 சனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து தப்பி, பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக ஏப்பிரலில் பெர்லினை அடைந்த கதை பலரும் அறிந்தது. அது வீரச் செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் சென்று சேர்ந்த இடம் எது? பெர்லின். யூதரை வேட்டையாடிய, தன் இனத்துக்குக் கீழே பிற இனங்களையெல்லாம் வரிசைப்படுத்திய ஓர் அரசின் தலைநகரம் அது. 'பகைவனுக்குப் பகைவன் நண்பன்' என்று போஸ் கருதினார். ஹிட்லரின் படை 1941 சூனில் சோவியத்து நாட்டின்மேல் பாய்ந்தபோது, அந்த வழியாக இந்தியாவை நோக்கி வரும் அவர் எண்ணம் சிதைந்தது. 1942 மே மாதத்தில் ஹிட்லரைக் கண்டு பேசியும் பெரும் பயன் ஒன்றும் விளையவில்லை.

இதனால் அவரைப் பாசிசக்காரர் என்று முத்திரை குத்திவிடலாமா? அது அவ்வளவு எளிதன்று. 1935இல் வெளிவந்த 'இந்தியப் போராட்டம்' என்னும் தம் நூலில், பொதுவுடைமைக்கும் பாசிசத்துக்கும் இடையே ஓர் இணைப்பு அமையும் என்று அவர் எழுதியது உண்மை. 1938இல் இலண்டனில் ரஜனி பாமி தத் அது பற்றிக் கேட்டபோது, தாம் அதை எழுதிய காலத்தில் பாசிசம் நாடு பிடிக்கப் புறப்பட்டிருக்கவில்லை என்று விளக்கம் தந்ததும் உண்மை. 1944 நவம்பரில் தோக்கியோப் பல்கலைக்கழக மாணவர்முன் பேசியபோது அதே இணைப்புக் கொள்கையை மீண்டும் எடுத்ததும் உண்மையே. நாடு பிடிக்கப் புறப்பட்ட பின்பும் கொள்கை திரும்பி வந்தது என்றால், 1938இல் சொன்ன விளக்கம் முழு மனத்தோடு சொன்னதா என்ற ஐயம் எழுவது இயல்பு. அவர் உள்ளத்தில் ஆட்சியின் ஒழுங்கு பற்றிய ஒரு மயக்கம் இறுதிவரை இருந்தது. 1928இல் கல்கத்தா காங்கிரசில் தொண்டர் படைக்குச் சீருடை அணிவித்து, தாமே படைத்தலைவர் உடையில் முன்நின்ற நாளிலேயே அந்த மயக்கத்தின் நிழலைக் காணலாம்.

எனினும் போஸின் தலைமையை முழுமையாக அறிய வேண்டுமானால் கல்கத்தாவும் பெர்லினும் போதா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வர வேண்டும். 1943 பிப்ரவரியில் ஆபித் ஹசன் ஒருவரையே துணையாகக் கொண்டு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, மடகாஸ்கருக்கு அப்பால் நடுக்கடலில் ஜப்பானியக் கப்பலுக்கு மாறி, ஏறத்தாழ மூன்று திங்கள் கழித்துச் சுமத்திராவின் சபாங்கில் கரையேறினார். சூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் நாள் கத்தே மண்டபத்தில் ராஷ் பிஹாரி போஸ் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். 5ஆம் நாள் பாடாங் திடலில் படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, டில்லி நோக்கிச் செல்லும் முழக்கத்தைத் தந்தார்.

அவர் வந்தபோது கையில் கிடைத்தது உடைந்த படை. 1942இல் மோகன் சிங் தலைமையில் தோன்றிய முதற் படை, ஜப்பானியரின் நோக்கத்தில் ஐயங்கொண்டு அந்த ஆண்டின் இறுதியிலேயே கலைக்கப்பட்டது. மோகன் சிங் சிறைப்பட்டார். சினமும் கலக்கமும் மண்டிக்கிடந்த இடத்தில் ஒரு மனிதர் வந்து சில கிழமைகளில் படையை நிமிர்த்தினார் என்றால், அதன் காரணத்தை நாவன்மை என்று சொல்லி முடித்துவிட முடியாது. அவர் பேசியது இந்துஸ்தானியும் ஆங்கிலமும். கேட்டவர்களுள் பெருந்தொகையினரான தமிழருக்கு அது மொழிபெயர்ப்பாகவே சென்று சேர்ந்தது. மொழிபெயர்ப்பில் நாவன்மை பாதி இறந்துபோகும் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

பின் எது அவர்களை இழுத்தது? அவர் வைத்த வேண்டுகோளே இழுத்தது. சம்பளம் தருவேன், நிலம் தருவேன் என்று அவர் சொல்லவில்லை. பசியும் தாகமும் நெடுநடையும் சாவுமே தம்மால் தரக்கூடியவை என்றார். தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் முன்னால் தலை குனிந்தே பழகிய ஒருவனிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை, ஏவியதே உண்டு. முதன்முதலாக ஒரு பெரிய மனிதர் அவனை நோக்கி, உன் உயிர் மதிப்புள்ளது, அதை நாட்டுக்குத் தா என்று கேட்டார். கூலி என்று அழைக்கப்பட்டவனைக் கொடையாளி ஆக்கினார். அதுதான் அவர் தலைமையின் நுட்பம். மலாயாத் தமிழரின் வரலாற்றில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி மிக அரிது.

சாதி மத வேறுபாடு பற்றிய அவர் உறுதியும் இங்கே எண்ணத்தக்கது. சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலுக்கு அவரை அழைத்தபோது, எல்லாச் சாதியினரும் சமயத்தினரும் உள்ளே வரலாம் என்றாலன்றித் தாம் வருவதற்கில்லை என்று மறுத்தார். கோயிலார் இசைந்த பின்னரே சென்றார். ஆபித் ஹசன் உள்ளிட்ட முஸ்லிம் தோழர்களும் உடன் சென்றனர். தமிழ்நாட்டில் ஆலய நுழைவுக்குச் சட்டமும் போராட்டமும் தேவைப்பட்ட காலம் அது. மேடையில் ஒற்றுமை பேசுவது எளிது. நன்கொடை தரக்கூடியவர்களின் வாயிலில் நின்றுகொண்டு நிபந்தனை போடுவது எளிதன்று. படையிலும் சமையல் ஒன்று, பந்தி ஒன்று. தாம் பிரிந்து வந்த தலைவர்களின் பெயர்களையே படைப்பிரிவுகளுக்குக் காந்தி, நேரு, ஆசாத் என்று சூட்டிய பெருந்தன்மையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1944 சூலை 6ஆம் நாள் இரங்கூன் வானொலியில் காந்தியடிகளைத் தேசத்தின் தந்தை என்று விளித்தவரும் அவரே. திரிபுரியின் கசப்பை அவர் கடல் கடந்து சுமந்து வரவில்லை.

பெண்கள் படை பற்றித் தனியே ஒரு சொல். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த இலட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22இல் தொடங்கிற்று. அதில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர் பலர். கோலாலம்பூரில் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவர், போஸின் பேச்சைக் கேட்ட கூட்டத்திலேயே தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையிலும் சேர்ந்தார். போர்முனையில் நேரே நின்று சுடும் வாய்ப்பு அப்படைக்கு வரவில்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்வர். அது பெரிய குறையன்று. ஆண்துணையின்றி வெளியே செல்லாத வீட்டுப் பெண்ணும், கங்காணியின் அதட்டலுக்கு நடுங்கிய தோட்டத்துப் பெண்ணும் ஒரே கூடாரத்தில் துப்பாக்கியோடு உறங்கினர் என்பதே போதும்.

இதுவரை பொன். இனிக் கலப்பு.

1943 அக்டோபர் 21ஆம் நாள் கத்தே மண்டபத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்னர், அக்டோபர் 17ஆம் நாள், சயாமின் காட்டுக்குள் இரு முனையிலிருந்தும் வந்த இருப்புப்பாதைகள் ஒன்றாக இணைந்தன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையே சயாம் மரண இரயில் பாதை என்று பெயர் பெற்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஏமாற்றியும் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அடியாலும் அங்கே மாண்டவர் தொகை இன்றுவரை துல்லியமாக எண்ணப்படவில்லை. எண்ணுவதற்கு ஏடு வைத்தவர் இல்லை. போஸ் சிங்கப்பூர் வந்து முழங்கிய அதே திங்களில்தான் அந்தப் பாதையில் வேலை மிகக் கொடுமையாக முடுக்கப்பட்டிருந்தது. படையில் சேர்ந்தவர்களுள், இரயில் வேலைக்கு அகப்படாமல் தப்பவே சேர்ந்தவர்களும் உண்டு.

அவருடைய புகழ்பெற்ற சிங்கப்பூர் உரைகளில் அந்தப் பாதைக்கு இடமில்லை. பிரிட்டனின் கொடுமைக்கு இடமுண்டு. வங்கத்துப் பஞ்சத்துக்கு இடமுண்டு. பஞ்சத்தில் மடிந்த வங்க மக்களுக்குப் பர்மாவிலிருந்து ஒரு இலட்சம் டன் அரிசி அனுப்பத் தாம் ஆயத்தம் என்று 1943 ஆகஸ்டில் அவர் வானொலியில் அறிவித்தார். பிரிட்டிஷ் அரசு அதை ஏற்கவில்லை. தொலைவில் பசித்தவனுக்காகப் பேசிய வாய், அருகில் சாகின்றவனுக்காக வெளிப்படையாகப் பேசவில்லை.

இதற்கு விடை சொல்வோர் இரண்டு சொல்வர். ஜப்பானியரின் கையில் இருந்தவரால் என்ன செய்ய இயலும் என்பது ஒன்று. பேசியிருந்தால் மோகன் சிங்கின் கதிதான் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயம் உள்ளவையே. ஆனால் அவற்றை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வியையும் ஏற்க வேண்டும். அரசு என்று ஒன்றை அறிவித்து, அமைச்சரவை அமைத்து, பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போரும் அறிவித்த ஒருவர், தம் குடிகள் என்று யாரைக் கருதினார்? செங்கோல் என்பதும் கொடுங்கோல் என்பதும் குடிகளைக் காப்பதைக் கொண்டே அளக்கப்படுபவை. காக்க இயலாத அரசு கொடுங்கோல் ஆகாது. ஆயினும் முழு அரசும் ஆகாது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் ஒன்பதும் அச்சு நாடுகளின் அணியில் நின்றவையே என்பதும் அந்த அரசின் எல்லையைக் காட்டும்.

அந்தமானில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தீவுகள் போஸின் அரசுக்கு வழங்கப்படும் என்று 1943 நவம்பரில் தோஜோ அறிவித்தார். டிசம்பர் இறுதியில் போஸ் போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியேற்றி, ஷஹீத், ஸ்வராஜ் என்று தீவுகளுக்குப் பெயரிட்டார். அந்நாளில் அங்குள்ள செல்லுலர் சிறையில் இந்தியர் பலர் ஒற்றர் என்ற ஐயத்தால் ஜப்பானியரின் சித்திரவதைக்கு ஆளாகிக் கிடந்தனர். அவர்கள் குரல் அவர் செவிக்கு எட்டவில்லை. எட்டாதபடி ஜப்பானியர் சூழ்ந்து நின்றனர். அவர் திரும்பிச் சென்ற ஒரே திங்களில், 1944 சனவரி 30ஆம் நாள், ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர் ஆணையராக அனுப்பப்பட்ட லோகநாதனின் கைக்கு வந்தது ஏறத்தாழக் கல்வித் துறை ஒன்றே. காவலும் ஆட்சியும் ஜப்பானியரிடமே இருந்தன.

வலியறிதல் என்னும் அதிகாரம், செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை என்பனவற்றோடு துணையின் வலிமையையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. துணை எவ்வளவு வலியது என்பதோடு, அந்த வலிமை எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் அதில் அடங்கும். ஜப்பானியருக்கு வளைந்து கொடுக்காமல் போஸ் எதிர்த்து நின்ற இடங்கள் உண்டு. தம் படையை வெறும் விளம்பரப் படையாக வைத்துக்கொள்ள நினைத்த தெராவுச்சியிடம், இந்திய மண்ணில் முதலில் சிந்தும் குருதி இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்ற கருத்தில் வாதாடி வென்றார். அடிமை இவ்வாறு வாதாடமாட்டான். அவரைக் கைப்பாவை என்போர் இதை மறந்துவிடுகின்றனர். ஆயினும் படையின் மானத்துக்காகக் காட்டிய அதே உறுதியைத் தோட்டத்து மக்களின் உயிருக்காகக் காட்டியதற்குச் சான்று தேடினால் கை வெறுமையாகவே திரும்புகிறது.

இம்பால் போர் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1944 மார்ச்சில் தொடங்கி, ஏப்பிரல் 14இல் மொய்ராங்கில் கொடியேற்றம் வரை சென்று, சூலையில் மழைக்கிடையே பின்வாங்கலாய் முடிந்தது. குண்டுக்கு இரையானவரைவிட நோய்க்கும் பசிக்கும் இரையானவரே மிகுதி. உணவும் மருந்தும் வண்டியும் ஜப்பானியர் தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற நிலையில் ஒரு படையை மலைநாட்டில் இறக்கியது துணிவு. காலமும் இடமும் அறிந்த செயல் என்று சொல்வதற்கில்லை. இந்தியப் படையினர் தம்மைக் கண்டதும் கூட்டங்கூட்டமாகத் தம் பக்கம் வந்து சேர்வர் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அவரைத் தூக்கி நிறுத்தியது. அதுவே அவர் கணக்கையும் பிழையாக்கியது.

ஆனால் ஒருவன் தலைவனா இல்லையா என்பது வெல்லும்போது தெரிவதைவிடத் தோற்கும்போது நன்றாகத் தெரியும். 1945 ஏப்பிரலில் பிரிட்டிஷ் படை இரங்கூனை நெருங்கியபோது, ஜான்சி ராணிப் படைப் பெண்களை முன்னர் அனுப்பாமல் தாம் புறப்பட மறுத்தார் போஸ். அவர்களோடே கிளம்பினார். ஆற்றைக் கடந்தும், பகலில் விமானத் தாக்குதலுக்கு ஒளிந்து இரவில் நடந்தும், ஏறத்தாழ மூன்று கிழமை கழித்துப் பாங்காக்கை அடைந்தனர். வண்டியில் ஏறிக்கொள்ள வாய்ப்பிருந்தும் ஏறாமல், கால் கொப்புளித்தும் நடந்தார். அந்த நடையில் ஜானகி தேவரும் இருந்தார். அரச வாழ்வில் அவர் பெற்ற மரியாதை முழுவதையும் ஒரு தட்டில் வைத்து, இந்த மூன்று கிழமை நடையை மறு தட்டில் வைத்தால், நடை வைத்த தட்டே தாழும். அவரைப் பின்பற்றியவர்கள் சாகும்வரை அவரை மறவாமைக்கு இங்கேதான் காரணம் தேட வேண்டும்.

1945 சூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில் மாண்ட வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப அவர் அடிக்கல் நாட்டினார். ஆகஸ்டு 18இல் தைப்பேயில் விமான விபத்தில் அவர் மறைந்தார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார், மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தனர். 1995இல் அந்த இடத்தில் அடையாளப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. அவர் சாகவில்லை என்ற நம்பிக்கையோ பலகைக்கும் வெடிக்கும் கட்டுப்படவில்லை. 1956இல் ஷா நவாஸ் குழுவும், 1974இல் கோஸ்லா ஆணையமும் விபத்தை உறுதி செய்தன. பின்னர் வந்த முகர்ஜி ஆணையம் மறுத்தது. இந்திய அரசு 2006இல் அந்த மறுப்பை ஏற்கவில்லை. இந்த ஆராய்ச்சிகளுக்குச் செலவான மையில் ஒரு பகுதியேனும் அவர் செய்தவற்றை ஆராய்வதற்குச் செலவாகியிருக்கலாம்.

தமக்குப் பின் தலைமையை ஏற்க ஒருவரையும் அவர் ஆயத்தம் செய்யவில்லை. எல்லா நூல்களும் அவர் விரலிலேயே கட்டப்பட்டிருந்தன; விரல் போனதும் அரசும் படையும் ஒரே நாளில் ஓய்ந்தன. டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர்மீதும் நடந்த வழக்கு நாட்டைக் குலுக்கியது வேறு கதை. அது போஸ் திட்டமிட்ட வெற்றி அன்று, பிரிட்டிஷார் தம் கையால் தேடிக்கொண்ட தோல்வி.

மலாயாவில் எஞ்சியது வேறு வகையானது. படையிலும் சங்கத்திலும் பழகியவர்கள் வீடு திரும்பிச் சும்மா இருக்கவில்லை. ஜான் திவி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். அதைத் தோற்றுவித்தவருள் ஜானகியும் ஒருவர், பின்னாளில் மலேசிய மேலவையிலும் அமர்ந்தார். கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் கூடிப் படைப் பயிற்சி செய்தனர். மாலை வேளைகளில் அணிவகுத்துச் சென்று கள்ளுக்கடைகளை மறித்தனர். தோட்ட நிர்வாகம் அஞ்சியது. 1947இல் பீடோங்கில் காவல்துறையோடு மோதல் நிகழ்ந்தது. அந்த இளைஞர்களுக்கு டில்லி நோக்கிச் செல்லும் எண்ணம் இல்லை. தங்கள் லயத்து வாசலில் இருந்த கடையை மூடினால் போதும் என்றிருந்தனர்.